பலெர்மோவுக்கு எந்த மாதத்தில் போவது?

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்கள் முடிந்தபின் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளோடு அண்மைக்காலமாகப் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "பிள்ளை, மகள் இத்தாலிக்கு வந்து கொஞ்சநாள் நில்லுங்கோ எண்டு கேக்கிறாள். எப்ப போனால் நல்லம்?" வீசாவையும் காசையும் பற்றி விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். மாதத்தைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ரிக்கற் எப்போது மலிவோ, மகனுக்கு எப்போது லீவோ, அப்போது போவதென்றே அனேகமாக முடிவாகிறது.

ஆனால் இந்த வீசாவில் 180 நாட்களுக்குள் ஆகக்கூடியது 90 நாட்கள்தான் நிற்கலாம். யுத்தத்தில் கணவரையோ ஒரு பிள்ளையையோ இழந்து, மிஞ்சிய பிள்ளையைப் பல வருடங்களுக்குப் பிறகு பார்க்கப் போகும் தாய்க்கு அந்த 90 நாட்கள் இன்னொருமுறை கிடைக்குமோ தெரியாது. கிடைக்கும் நாட்களை அறைக்குள் வியர்த்தோ, கம்பளிக்குள் நடுங்கியோ கழிக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தாலி நீண்ட நாடு. வடக்கே மிலானில் ஒரு காலநிலை, தெற்கே சிசிலித் தீவில் இன்னொன்று. நான் எழுதுவது சிசிலியின் தலைநகரான பலெர்மோவைப் பற்றி. 1980களிலிருந்து எங்கள் தமிழ்ச் சனம் குடியேறியிருக்கும் துறைமுக நகரம் அது. 2023 இல் ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை எனது ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் அங்கு நின்றேன். அங்குள்ள அம்மாக்கள், மாமிமார் சொன்னவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களைப்போல அவர்களுக்கும் ஒரு கோடையும் ஒரு மாரியும் உண்டு. மழை அதிகமாகப் பெய்வதும் எங்களுடைய மாரி மாதங்களை ஒட்டித்தான்: ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை. வித்தியாசம் என்னவென்றால் அங்கே மாரியோடு குளிரும் வரும். கோடையில் மழை இல்லையென்றே சொல்லலாம்.

முதலில் கோடை. ஓகஸ்டில் பகல் வெப்பநிலை சாதாரணமாக 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். "இது எங்களுக்கென்ன புதிதா?" என்று கேட்பீர்கள். 30 பாகை பிரச்சினையில்லை. சகாராப் பாலைவனத்திலிருந்து கடலைத் தாண்டி 'சிரோக்கோ' என்ற சுடுகாற்று வீசும் நாட்களில்தான் பிரச்சினை. அப்போது 40 பாகையைத் தாண்டிவிடும். 2021 ஓகஸ்ட் 11 ஆந் திகதி சிசிலியின் கிழக்குப் பகுதியில் 48.8 பாகை பதிவானது. ஐரோப்பாவில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட ஆகக்கூடிய வெப்பநிலை அதுவே. 2023 ஜூலையில் பலெர்மோவைச் சுற்றிக் காடுகள் தீப்பிடித்து விமான நிலையத்தையும் சில மணித்தியாலம் மூடினார்கள். 2024 வரட்சியில் தண்ணீரைப் பங்கீட்டு முறையில் கொடுத்தார்கள்.

ஊரில் வெயிலென்றால் வேப்பமர நிழலில் பாயைப் போட்டுப் படுப்போம். அங்கே நான்காம் மாடியில் வீடு. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். யன்னற் கதவுகளைச் சாத்திக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு பகல் முழுவதும் உள்ளே இருக்கவேண்டும். 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 61,000 க்கும் அதிகமானோர் இறந்ததாக ஓர் ஆய்வு கணித்தது. நாடுகளில் இத்தாலியே முதலிடம். இறந்தவர்களில் வயோதிபரும், ஆண்களைவிடப் பெண்களுமே கூட. பிரஷர், சலரோகம் உள்ள அம்மாக்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கித் தோல் உரிந்தால் பிறகு எத்தனை நாள் நடக்க முடியாமற் போகும் என்பது அவர்களுக்கே தெரியும்.

கோடையில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் தொலைபேசியில் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. சிசிலியில் கோடைகாலம் திருவிழாக் காலம். திருவிழா என்றால் வெடி. சில ஊர்களில் விடியற்காலையிலேயே வெடி கொளுத்தித்தான் பெருநாளைத் தொடங்குவார்கள். பலெர்மோவின் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் பெருவிழாவில் ஜூலை 14 ஆந் திகதி இரவு தேர் கடற்கரைக்கு வந்தபின், நள்ளிரவை ஒட்டி வாணவேடிக்கை தொடங்கும். வெளிச்சத்தோடு முடிந்தால் அழகுதான். ஆனால் ஒவ்வொரு வெடியும் கட்டடங்களில் மோதி நெஞ்சுக்குள் இடிக்கும். பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தச் சத்தம் எதை ஞாபகப்படுத்தும்? 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒரு தாய், தான் கட்டிலுக்குக் கீழே போனதையும், பேத்தி சிரித்ததையும், பிறகு மகள் அழுததையும் எனக்குச் சொன்னார். போகக்கூடாதென்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றிரவு வேறொரு வீட்டில் நிற்கலாம். டிசம்பர் 31 இரவும் இதே கதைதான்.

ஓகஸ்டுக்கு அழைப்பதற்கும் காரணம் உண்டு. ஓகஸ்ட் 15 ஐ ஒட்டி நாடே லீவில் போகும், கடைகள் பூட்டிக்கிடக்கும். எங்கள் ஆட்கள் பலர் வீட்டுவேலையிலும் சமையல்வேலையிலும் இருப்பதால் முதலாளி கடற்கரை வீட்டுக்குப் போகும்போதுதான் சிலருக்கு லீவு. மகளோடு சேர்ந்திருக்க அந்த மாதம்தான் உண்டென்றால் அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

இனி மாரி. பலெர்மோ நகருக்குள் பனி கொட்டுவது அபூர்வம். ஜனவரியில் பகலில் 15 பாகை, இரவில் 10 பாகை அளவு. கேட்பதற்கு நுவரெலியா போலத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வீடுகள் கல்லும் மாபிளும். நிலம் உள்ளங்காலைச் சில்லிடவைக்கும். அந்த நகரத்தில் கட்டடங்களைச் சூடாக்கச் சட்டமே பொதுவாக டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நாளுக்கு 8 மணித்தியாலந்தான் அனுமதிக்கிறது. பல வீடுகளில் அந்த வசதியும் கிடையாது. உடம்பில் எறிகணைச் சிதறல் இருக்கும் பெண்கள் குளிரில் உளைவு கூடுவதாகச் சொல்வார்கள். டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும். துக்கத்தோடு இருப்பவர்களுக்கு நீண்ட இரவுகள் நல்லதல்ல. தோடம்பழம் மலிவு என்பது ஒன்றுதான் மாரியின் நன்மை.

ஆகவே எனது தெரிவு இரண்டு. ஒன்று, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை. மற்றது, செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை.

முதலாவதில் மழை குறைந்து வெயில் இதமாக இருக்கும். இரவு எட்டு மணிவரை வெளிச்சம். ஆனால் மே, ஜூனில் ஒலிவ் மரங்கள் பூப்பதால் இழுப்பு உள்ளவர்களுக்குச் சரிவராது. இரண்டாவதில் கடல் இன்னும் சூடாக இருக்கும். இடையிடையே இடிமழை உண்டு. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் காலமென்பதால் காலையில் வீடு அமைதி. பலாரோ சந்தைக்கு நான் போனது அப்படியான காலைவேளைகளில்தான். நாகதாளிப் பழத்தைத் தோல் சீவி விற்பார்கள். சுரைக்கொடியின் தளிரையும் இலையையும் கட்டுக்கட்டாக வைத்திருந்ததைக் கண்டு எனக்கு ஆச்சரியம். கோடையில் அதைப் பஸ்ராவோடு அவித்துச் சூப்பாகக் குடிப்பார்களாம். அக்கா அதைப் பருப்போடு சுண்டினார்.

ரொசாலியாவைப் பார்க்க விரும்புபவர்கள் செப்டெம்பர் தொடக்கத்திலேயே போகலாம். 600 மீற்றர் உயரமான பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகைதான் கோயில். செப்டெம்பர் 3 ஆந் திகதி இரவு நகரமே நடந்து ஏறும். எங்கள் சைவப் பெண்களும் கத்தோலிக்கப் பெண்களும் ஒன்றாக ஏறுவதைக் கண்டேன். 1620களில் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று அவர்கள் நம்பும் அந்தப் பெண்ணிடம் எங்கள் பெண்களும் நேர்த்தி வைக்கிறார்கள். கால் ஏலாதவர்களுக்கு பஸ் இருக்கிறது.

அங்கத்தைய காலம் மட்டும் பார்த்தால் போதாது, இங்கத்தையதும் பார்க்கவேண்டும். வயல் செய்யும் பெண்கள் ஒக்டோபரில் விதைப்பை விட்டுப் போகமுடியாது. காலபோக அறுவடை மார்ச்சுக்குள் முடியும். சிறுபோகம் செய்யாதவர்களுக்கு ஏப்ரல் கடைசி தோதானது. ஆனால் மே 18 இல் ஊரில் நின்று விளக்கேற்ற வேண்டுமென்ற அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் மே 20 க்குப் பிறகு புறப்பட்டு ஜூன் கடைசியில் திரும்பலாம். ஆறு வாரம் போதும், 90 நாளையும் முடிக்கவேண்டுமென்று கட்டாயமில்லை. மகளின் பிரசவத்துக்குப் போபவர்களுக்கு மாதத்தைத் தீர்மானிப்பது குழந்தைதான். ஜூலை, ஓகஸ்ட் ஆனால் மகளிடம் இப்போதே ஒரு காற்றாடிக்காவது சொல்லிவையுங்கள்.

வீசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறையக்கூடாது. ஏப்ரல் கடைசியில் போக நினைப்பவர் தீபாவளி முடிந்த கையோடு பிள்ளையிடம் அழைப்புக் கடிதம் கேட்பது நல்லது. ஆகக்குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதியும் வேண்டும். திகதி கிடைத்தபின் ரிக்கற்றைப் பற்றி யோசியுங்கள்.

எந்த மாதம் போனாலும் ஒரு ஸ்வெற்றரும் மூடிய சப்பாத்தும் எடுங்கள், மே மாத இரவிலும் கடற்காற்று குளிரும். ஊரில் பிள்ளைகளை விட்டுப் போபவர்கள் நேர வித்தியாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை இத்தாலி நேரம் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. கோடையில் அங்கே பின்னேரம் நாலரை மணிக்குக் கோல் எடுத்தால் இங்கே இரவு எட்டு மணி, பிள்ளைகள் படுக்கப்போக முன் கதைக்கலாம்.