கலர் கேமரா இல்லாத காலத்தில் கோத்தகிரி பறவைகளை வரைந்த சேலத்துப் பெண்: யார் இந்த மார்கரெட் காக்பர்ன்?

இன்றைக்கு ஒரு பறவையைப் பார்த்தால் செல்போனை எடுத்து டக்குனு போட்டோ எடுத்துவிடலாம். 160 வருஷத்துக்கு முன்னாடி? பிரஷ்ஷும் வாட்டர் கலரும்தான் கதி. அப்படி நீலகிரியின் பறவைகளைத் தாளில் பதிவு செய்தவர் மார்கரெட் காக்பர்ன்.

யார் இவர்?

1829-ல் சேலத்தில் பிறந்தவர். அப்பா எம்.டி.காக்பர்ன், சேலம் கலெக்டராக இருந்தவர். ஏற்காட்டில் காபியை அறிமுகம் செய்தவரும் அவர்தான். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர், பாகலூர் எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரியும், 2004-ல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்கள் ஆயின. காக்பர்ன் குடும்பம் பின்னர் கோத்தகிரியில் குடியேறியது.

ஏன் வாட்டர் கலர்?

அந்தக் கால கேமராவில் நிறமே வராது. படபடவென அசையும் பறவையையும் பிடிக்க முடியாது. வாட்டர் கலர் சீக்கிரம் காயும், எங்கேயும் எடுத்துச் செல்லலாம், இறகின் மெல்லிய நிற வித்தியாசத்தையும் காட்டலாம். மார்கரெட் பறவைகளோடு செடி, பூக்களையும் வரைந்தார். பறவைகளைப் பற்றிக் குறிப்புகளும் எழுதினார்.

காங்கிரஸ் நிறுவனருடன் என்ன தொடர்பு?

1885-ல் காங்கிரஸ் உருவாகக் காரணமான ஏ.ஓ.ஹியூம், பெரிய பறவை ஆய்வாளரும்கூட. இந்தியப் பறவைகளின் கூடு, முட்டை பற்றிய அவரது நூலுக்கு நாடு முழுவதிலிருந்தும் தகவல்கள் வந்தன. நீலகிரியிலிருந்து அனுப்பியவர்களில் ஒருவர், ‘கோத்தகிரி மிஸ் காக்பர்ன்’. நூலில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கு!

கோத்தகிரியில் 1863-ல் தேயிலைத் தோட்டம் தொடங்கியவரும் இதே மார்கரெட்தான். பின்னாட்களில் தேயிலையும், யூகலிப்டஸ், சீகை போன்ற வெளிநாட்டு மரங்களும் பரவி, சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சுருங்கின. நீலகிரிக்கே உரிய நீலகிரி சிரிப்பான் பறவை இன்று அழியும் அபாயத்தில் இருக்கிறது. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் தேயிலை நாற்று. அதுதான் மார்கரெட்!

ஓவியங்கள் இப்போ எங்கே?

1928-ல் கிட்டத்தட்ட 99 வயதில் மார்கரெட் காலமானார். ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. மலை முழுக்கத் தேயிலை ஆவதற்கு முன்பு அங்கே என்னென்ன பறவைகள் இருந்தன, எங்கே கூடு கட்டின என்பதற்கு அவை சாட்சி. அதைப் பார்க்க நாம்தான் லண்டன் வரை போக வேண்டியிருக்கிறது.