நேரல் மலைப்பாதையும் கணினி ரயிலும்

மும்பையிலிருந்து புணே வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டி சென்னை மெயிலாக இருந்தாலும் சரி, தாராவியிலும் செம்பூரிலும் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்கள் கோயில் கொடைக்கு மூட்டை முடிச்சுகளோடு ஏறும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சரி, கல்யாணைத் தாண்டிக் கர்ஜத்தை நெருங்குவதற்குள் நேரல் என்னும் நிலையத்தை நிற்காமல் கடந்துவிடுகிறது. அந்தச் சில நிமிஷங்களில் வலப்பக்கத்து ஜன்னலோரம் விழித்திருப்பவர்கள், நம் வண்டி ஓடும் அகலப் பாதைக்கு அருகிலேயே 2 அடி இடைவெளியில் பதித்த மெல்லிய தண்டவாளங்கள் இரண்டு சிறிது தூரம் கூடவே வந்து, பின்னர் ஹர்தால் குன்றருகே விலகி, மலையை நோக்கித் திரும்பிவிடுவதைக் காணலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் பல தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் அநேகர் அந்தப் பாதையை இவ்வளவில்தான் அறிவார்கள். கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்கென்று நம் நாட்டுக் கிராமப்புறத்திலிருந்து ரம்மியமான பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி யாரேனும் கேட்டால், நான் தயக்கமின்றி அந்த நேரல்–மாதேரான் பாதையைத்தான் காட்டுவேன்.

ரயில் சிமுலேட்டர் என்னும் இந்த விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். இதில் பகைவர்கள் இல்லை. யாரையும் சுட்டு வீழ்த்த வேண்டியதில்லை. விளையாடுபவர் எஞ்சின் டிரைவரின் ஆசனத்தில் அமர்ந்து, எதிரே விரியும் பாதையையும் கைகாட்டிகளையும் கவனித்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், குறித்த நேரத்தில் குறித்த நிலையத்தில் பிரயாணிகளுக்கு அதிர்ச்சியின்றி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்; அவ்வளவுதான் அதன் சவால். 2001-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘டிரெயின் சிமுலேட்டர்’ இதனை வீட்டுக் கணினிகளில் பரவச் செய்தது. புதிய பாதைகளைத் தாமே அமைத்துக்கொள்வதற்கான கருவியையும் அது உடன் தந்தமையால், உலகெங்கும் ரயில் அபிமானிகள் தத்தம் ஊர்ப் பாதைகளைத் தம் ஓய்வு நேரத்தில் சிருஷ்டிக்கத் தொடங்கினார்கள். நம்மவர்களும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்ட ‘இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்’ என்ற கைப்பேசி விளையாட்டைத் தாராவியின் சந்துகளிலும் சிறுவர்கள் ஆடுகிறார்கள்.

ஆயினும் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது, விளையாட்டை ஆக்குபவர்களின் மனம் பெரும்பாலும் பெரிய நகரங்களுக்கு இடையே ஓடும் அதிவேக வண்டிகளையே நாடுகிறது. அது இயல்பே. எனினும் இதில் ஒரு கணக்கை அவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி பறக்கும் பாதையில், மரங்கள், வீடுகள், பாலங்கள், கம்பங்கள் என்று ஒவ்வொன்றாக உருவாக்கி 20 கிலோமீட்டரை நிரப்பினால், விளையாடுபவர் அவ்வளவு உழைப்பையும் 12 நிமிஷங்களில் கடந்துவிடுகிறார். பக்கத்து மரத்தின் இலையைக்கூட அவர் பார்ப்பதில்லை. நேரலிலிருந்து மாதேரானுக்கும் ஏறக்குறைய அதே 20 கிலோமீட்டர்தான்; ஆனால் வளைவுகளில் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத அந்தச் சிறு வண்டி மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. செய்த வேலை ஒன்றேயாக இருக்க, அனுபவிக்கும் காலம் பத்து மடங்குக்கு மேல் நீள்கிறது. வைத்த ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு செடியும் கண்ணில் படுகிறது. சிறு குழுவாக, சொற்பப் பணத்தோடு, மாலை வேளைகளில் மட்டும் உழைக்கக்கூடியவர்களுக்கு இதைவிட அனுகூலமான பாதை வேறு எது?

மைக்ரோசாஃப்ட் தன் முதல் விளையாட்டிலேயே இதனை ஒருவாறு உணர்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதில் அமைந்திருந்த ஆறு பாதைகளில் ஒன்று, ஜப்பானின் கியூஷு தீவில் ஹிதோயோஷிக்கும் யோஷிமட்சுவுக்கும் இடையே மலைக்காட்டினூடே ஏறி இறங்கும் ஹிசாட்சு என்னும் கிராமப்புறப் பாதை. டீசலில் ஓடும் ஒற்றைப் பெட்டி, சுருளாகச் சுற்றி ஏறும் தடம், வண்டி முன்னும் பின்னுமாகப் போய் உயரத்தை எட்டும் நிலையம் ஆகியவையே அதன் சம்பத்து.

மாதேரான் பாதையின் சம்பத்து அதற்குக் குறைந்ததன்று. 1850-இல் தாணா ஜில்லாவின் கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் என்பவர் கண்டறிந்து பிரபலப்படுத்திய அந்த மலைவாசஸ்தலத்துக்கு, ரயில் வருமுன் குதிரை மீதோ பல்லக்கிலோ கால்நடையாகவோதான் ஏற வேண்டியிருந்தது. போரா சமூகத்துப் பெருவணிகரான சர் ஆதம்ஜி பீர்பாய் பொருளுதவி செய்ய, அவருடைய புதல்வர் அப்துல் ஹுசேன் முன்னின்று, 16 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டி முடித்த பாதை 1907-இல் திறக்கப்பட்டது. பார்சி லைட் ரயில்வேயை அமைத்துப் புகழ் பெற்ற எவரார்ட் கால்த்ராப் இதற்கு ஆலோசனை கூறிய பொறியாளர். அக்காலத்து மலைப்பாதைகள் பலவற்றில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளி மறுபடி முன்னோக்கி ஏற்றும் இடங்கள் இருந்தன. இங்கே அவற்றைத் தவிர்ப்பதற்காகவே மௌண்ட் பெர்ரி அருகே குதிரை லாடத்தைப் போன்ற பெரிய வளைவொன்றைக் கரையெழுப்பி அமைத்தார்கள்.

டிரைவரின் ஆசனத்திலிருந்து இந்தப் பாதையைப் பார்ப்போம். நேரலில் பிரதான ரயிலுக்குப் பக்கத்தில் சமதரையாகத் தொடங்கும் தடம், ஜும்மாபட்டியை எட்டும்போது மேலேறும் சாலையைச் சந்திக்கிறது. பேக்ரா குட் என்னும் செங்குத்தான பகுதியை நோக்கி மூச்சுப் பிடித்து ஏறி, சிறிது தூரம் சமனாகி, லாட வளைவில் திரும்பி, அந்தப் பாதையிலுள்ள ஒரே ஒரு சுரங்கத்தில் நுழைந்து வெளிவருகிறது. காதலர்கள் ஒரு முத்தமிட்டு முடிப்பதற்குள் கடந்துவிடும் என்று அதற்கு இட்ட ‘ஒரு முத்தச் சுரங்கம்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. வாட்டர் பைப் நிலையத்தையும் தாண்டி, இரண்டு கடுமையான கோண வளைவுகளுக்குப் பின் பனோரமா முனை வருகிறது. அங்கே கொங்கணச் சமவெளி முழுதும் காலடியில் விரிகிறது. பின்னர் அமன் லாட்ஜ், அதன்பின் கடைவீதியின் மத்தியில் மாதேரான். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லாத ஊர் அது. வண்டி போய் நிற்கும் இடத்தில் நெடுங்காலம் குதிரைகளும் கைரிக்ஷாக்களுமே எதிர்கொண்டன. விளையாட்டில் இறுதி நிலையத்தின் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு செய்தியே தீர்மானித்துவிடுகிறது.

நம் ஊட்டி ரயிலை அறிந்தவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், எஞ்சினின் பற்சக்கரம் தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. மாதேரானில் பற்கள் கிடையா. 20 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள வெறும் உராய்வை மட்டும் நம்பி வண்டி ஏற வேண்டும். வளைவுகளோ 60 அடி ஆரம் வரை குறுகியவை. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்திலிருந்து வந்த நான்கு நீராவி எஞ்சின்களின் அச்சுகள் அவ்வளைவுகளுக்கு இசைந்து பக்கவாட்டில் அசையும்படி பிரத்தியேகமாக அமைக்கப்பட்டிருந்தன. பனி படிந்த விடியற்காலையில் சக்கரம் வழுக்கினால் மணல் தூவ வேண்டும். வேகத்தை இழந்துவிட்டால் மீட்பது கஷ்டம். பொத்தானை அழுத்தியதும் பறக்கும் வண்டியில் கிடைக்காத கவனமும் பொறுமையும் இங்கே விளையாட்டின் உயிராகின்றன.

நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. இந்தப் பாதையை முன்மொழிபவர் எதை விட்டாலும் இதை விடலாகாது. நெடுங்காலம் இந்த வண்டியின் பெட்டிகளுக்கு இடையே பிரேக்மேன்கள் நின்றுகொண்டு வந்தார்கள். மேலிருந்து இறங்கும்போது டிரைவர் விசில் கொடுப்பார். அந்த ஒலியின் சங்கேதத்தை உணர்ந்து, அவர்கள் தத்தம் கைப்பிடியை இறுக்குவார்கள் அல்லது தளர்த்துவார்கள். ஒருவர் பிந்தினால் அவருடைய பெட்டி முன்பெட்டியைத் தள்ளும். ஒருவர் முந்தினால் சக்கரம் சிக்கித் தேயும். வெயிலிலும் புழுதியிலும் நின்று, பார்வையைவிடச் செவியையே நம்பி, ஒரு வண்டியைப் பல கைகள் சேர்ந்து மலையிலிருந்து இறக்கிய உழைப்பு அது. 2016-இல் வண்டி தடம் புரண்டதை அடுத்துச் சேவை நிறுத்தப்பட்டு, பின்பு காற்று பிரேக் வந்தது. பிரயாணிகளின் பாதுகாப்பை எண்ணினால் அது நல்லதே. ஆனால் அந்தக் கூட்டு உழைப்பின் நுட்பம் எந்த நூலிலும் முழுமையாகப் பதிவாகவில்லை என்றே நினைக்கிறேன். பெரும்பாலான ரயில் விளையாட்டுகளில் டிரைவர் தனி மனிதர். பிரேக் அவர் கையில். இங்கே மட்டும் விளையாடுபவரின் கையில் விசில் இருக்கட்டும், பிரேக் பிறர் கையில் இருக்கட்டும். அவர் ஊதியதற்கும் பெட்டிகள் அடங்குவதற்கும் இடையே ஒரு கணம் கழியட்டும். அந்தக் கணத்தை முன்கூட்டியே எண்ணி ஊதக் கற்பவரே மாதேரான் டிரைவர்.

இனி, இடையூறு. விளையாட்டுப் பாதைகளின் நிலமட்டத்தைப் பெரும்பாலும் வானிலிருந்து எடுத்த அளவைகளைக் கொண்டே அமைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் எடுத்த உயர அளவுகள் இதற்கு இன்றும் ஆதாரம். அவை நுட்பமாய் உள்ள இடத்திலும் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரத்தையே சொல்லும். சமவெளிக்கு அது போதும். 18 மீட்டர் ஆரத்தில் தடம் திரும்பும் மலைச்சரிவில், அந்த இடைவெளிக்குள் ஒரு வளைவே ஒளிந்துகொள்ளும். அப்படியே பாதையை இட்டால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும், அல்லது மண்ணுக்குள் புதையும். ஆகையால் மாதேரான் பாதையை வீட்டிலிருந்தபடியே ஆக்க இயலாது. இருபுறமும் வெட்டிய பாறை எவ்வளவு உயரம், எந்த வளைவில் தடுப்புச் சுவர், எங்கே மதகு என்பதை நேரில் பார்த்துக் குறித்தவர்தான் ஆக்க முடியும். நிறுவனத்துக்கோ தன்னார்வலர்களுக்கோ ஒரு பாதையை முன்மொழியும்போது அழகான புகைப்படங்கள் நாலைந்தை அனுப்பிவிட்டு ஆசையைத் தெரிவிப்பவர்கள் பலர். வளைவுக்கு வளைவு எழுதிய குறிப்புப் புத்தகத்தை அனுப்புபவரின் வேண்டுகோளே காரியமாகும்.

இதற்கு அவசரமும் உண்டு. 2005 ஜூலை 26-ஆம் தேதி மும்பையை மூழ்கடித்த பெருமழை இந்தப் பாதையையும் பல இடங்களில் பெயர்த்தெறிந்தது. 2007-இல்தான் மீண்டும் வண்டி ஓடியது. 2019 மழையில் மறுபடியும் சேதம். நேரலிலிருந்து முழுப் பாதையும் திறக்க 2022 அக்டோபர் ஆயிற்று. ஹிசாட்சு பாதையின் கதி இன்னும் துயரமானது: 2020 ஜூலையில் குமா நதியின் வெள்ளம் அப்பகுதியைத் தாக்கிய பிறகு, ஹிதோயோஷிக்கும் யோஷிமட்சுவுக்கும் இடையே வண்டி ஓடுவது நின்றுபோயிற்று. மைக்ரோசாஃப்டின் பழைய விளையாட்டை வைத்திருப்பவர்கள் அந்தத் தடத்தில் இன்றும் வண்டி ஓட்டுகிறார்கள்.

மழைக்காலத்தில் கீழ்ப்பாதை மூடப்பட்டு, அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையே மட்டும் வண்டி ஓடும். விளையாட்டின் கால அட்டவணையிலும் இந்த நியமம் இடம்பெற வேண்டும். அக்டோபர் மத்தியில் பாதை முழுதும் திறக்கும்போது மலை இன்னும் பசுமையாயிருக்கும். பிப்ரவரிக்குப் பின் புல் காய்ந்து செம்மண் தெரியத் தொடங்கும். இரண்டு பருவங்களிலும் படமெடுக்க வேண்டும். தாதரில் கர்ஜத் லோக்கல் பிடித்தால் நேரலுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. விசிலின் சங்கேதங்களை அறிந்த பழைய பிரேக்மேன்கள் நேரலிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருப்பார்கள். மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் தமிழ்ப் பெரியவர்களில் ரயில்வே வட்டாரத்துப் பழக்கமும் மராத்தியும் கைவந்தவர் ஒருவர் துணைக்கு வந்தால், அந்தப் பிரேக்மேன்களைத் தேடிக் கண்டு பேச்சுக் கொடுப்பது எளிது. வரும் அக்டோபரில் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் அவர்களிடம் போக வேண்டும்; புகைப்படம் பிறகு.