உங்களுக்குத் தெரியுமா? குசும்பைக் கையில் பிடிக்க முடியாது!

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்கும் சில்லறையைத் தொடலாம், எண்ணலாம். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டுபவரிடம் அவர் காட்டும் பொறுமையை? அதுதான் ஆங்கில இலக்கணம் சொல்லும் 'அப்ஸ்ட்ராக்ட் நவுன்': பார்க்கவோ தொடவோ முடியாத குணம், உணர்வு, நிலை, கருத்து ஆகியவற்றின் பெயர். கோயமுத்தூர்க் குசும்பும் இந்த வகைதானுங்க!

நமக்கு இது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகையாகப் பார்த்தார். பெருந்துறைப் பக்கமுள்ள சீனாபுரம்தான் அவர் ஊர் என்பது கொங்கு நாட்டு வழக்கு. குணப்பெயரையும் தொழிற்பெயரையும் சேர்த்தால், ஏறக்குறைய அப்ஸ்ட்ராக்ட் நவுன் வந்துவிடும்.

தாய்மை, இனிமை, திறமை மூன்றுக்கும் தமிழில் 'மை' ஒன்றே போதும். ஆங்கிலத்துக்கோ மதர்'ஹுட்', ஸ்வீட்'னஸ்', எபி'லிட்டி' என்று ஆளுக்கொரு வால்.

நம்மவர்கள் வழுக்கும் இடம் பன்மை. 'அறிவுரைகள்' சரிதானே என்று 'அட்வைசஸ்' என்கிறோம். அன்றாட ஆங்கிலத்தில் எத்தனை சொன்னாலும் அது 'அட்வைஸ்'தான். எண்ணியே ஆக வேண்டுமென்றால் மைசூர்பா மாதிரி துண்டு போட்டு, 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' எனலாம். 'இன்ஃபர்மேஷ'னும் அப்படியே. ஆனால் 'ஐடியா'வும் 'ப்ராப்ள'மும்கூடக் கண்ணுக்குத் தெரியாதவைதான். அவற்றுக்கு மட்டும் பன்மை தாராளமாக உண்டு!