விரலால் தொட்டால் எழும் 20 கிலோ கூரை… எப்படித் தெரியுமா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சில கார்களுக்குப் பின்னால் குட்டியாக ஒரு வண்டி உருண்டு வரும். பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே கண்ணீர்த் துளி! 1930களிலேயே வந்துவிட்ட இந்த டியர்டிராப் டிரெய்லருக்குள் இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்க மூடியைத் தூக்கினாலோ அடுப்பு, பாத்திரம், ஐஸ் பெட்டி என்று முழுச் சமையலறையே இருக்கும். தூக்கிய மூடிதான் சமைப்பவர் தலைக்கு மேல் கூரை. அந்தக் கூரையை அந்தரத்தில் பிடித்து நிற்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு ஒல்லிக் குழாய்கள். அவைதான் கேஸ் ஸ்ட்ரட்!

நம் கார் டிக்கியைத் தாங்குவதும் இதுதான். கடைகளில் ‘ஹைட்ராலிக் கட்டில்’ என்று விற்கிறார்களே, அதன் பலகையைத் தூக்குவதும் பெரும்பாலும் இதேதான்.

அந்தக் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் தெரியுமா? குழாய்க்குள் போய் வரும் தண்டு 8 மி.மீ. தடிமன் உள்ள ஒரு ஸ்ட்ரட் 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ விசையோடு தள்ள வேண்டுமானால் உள்ளே ஏறக்குறைய 80 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பாரும் கொஞ்சமும்தான்! அடைத்திருப்பது நைட்ரஜன். சாதாரணக் காற்றில் உள்ள ஆக்சிஜன், உள்ளே இருக்கும் எண்ணெயோடு இத்தனை அழுத்தத்தில் சேர்ந்தால் ஆபத்து. நைட்ரஜன் எதோடும் வம்புக்குப் போகாது. இன்னொரு வியப்பு: தண்டின் உள் நுனியில் இருக்கும் பிஸ்டனில் துளை உண்டு, வாயு இரண்டு பக்கமும் போய் வரும். அதனால் தள்ளும் விசையை முடிவுசெய்வது பிஸ்டனின் அகலமே அல்ல, அந்த மெல்லிய தண்டின் குறுக்குப் பரப்பு!

சரி, நம் மூடிக்கு எத்தனை நியூட்டன் வாங்குவது? மூடியைத் திறந்து கிடைமட்டமாக நிறுத்தி, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை அதன் விளிம்பில் மாட்டி மேலே இழுங்கள். சீரான 20 கிலோ மூடி 10 கிலோதான் காட்டும். மீதிப் பாதியைக் கீல் சுமக்கிறது. கீலிலிருந்து விளிம்பு 1.2 மீட்டர் என்றால் 10 × 1.2 = 12. திறந்த நிலையில் ஸ்ட்ரட் நிற்கும் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே செங்குத்துத் தூரம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஐ 0.25ஆல் வகுத்தால் 48 கிலோ. ஆளுக்குப் பாதி 24. கொஞ்சம் கூட்டி 260 நியூட்டன் ஜோடி போதும். அதே ஸ்ட்ரட்டைக் கீலுக்கு நெருக்கமாக 12.5 செ.மீ.யில் மாட்டிப் பாருங்கள், தேவை அப்படியே இரட்டிப்பு! மூடி ஒரு கிராம்கூடக் கூடவில்லை, மாட்டிய இடம்தான் மாறியது. அதனால் துளை போடும் முன் அட்டையில் மூடியின் பக்கத் தோற்றத்தை வெட்டி, கீல் இடத்தில் குண்டூசி குத்தி, திறந்து மூடிப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் பொன்னானது.

‘எதற்கும் பெரியதாகவே போட்டுவிடுவோம்’ என்று நினைப்பவர்களுக்கு: ஸ்ட்ரட் உள்ளே போகப் போக விசை கூடும், முழுதாக மூடும்போது கால் பங்குக்கு மேல்கூட ஏறும். மெல்லிய பிளைவுட் மூடி அந்த ஓயாத அழுத்தத்தில் மெல்ல வளையும். கீழ் விளிம்பில் இடைவெளி விழும். முதல் மழையிலேயே சமையலறைக்குள் தண்ணீர்! தேவையான அளவுக்கு வாங்கி, ஸ்ட்ரட்டை மூடியில் பொருத்தும் பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு உலோகத் தகடு வைத்து முடுக்குவதுதான் மூடிக்குச் செய்யும் மரியாதை.

ஸ்ட்ரட்டே பூட்டாகவும் மாறும், தெரியுமா? மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீலைத் தாண்டி மறுபக்கம் போகும்படி மாட்டினால், திறக்கத் தள்ளிய அதே விசை மூடியை இறுக்கிப் பிடிக்கும். குண்டுகுழிச் சாலையிலும் மூடி தடதடக்காது. நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மூடிய நிலையில் தண்டு இன்னும் சில மில்லிமீட்டர் உள்ளே போக இடம் விடுங்கள்.

மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும். உள்ளே இருக்கும் எண்ணெய், தண்டு வெளிவரும் வாயை அடைக்கும் சீல் மீது தேங்கி அதைக் காயாமல் காக்கும். மூடி முழுதாகத் திறக்கும் கடைசி நொடியில் மெத்தென்று நிறுத்துவதும் அதே எண்ணெய்தான். தண்டில் ஒரு கீறல், ஒரு பெயிண்ட் துளி போதும், சீல் கிழிந்து வாயு கசியும்.

குளிருக்கும் ஸ்ட்ரட்டின் விசைக்கும்கூடத் தொடர்பு உண்டு! ஸ்ட்ரட்டில் போட்டிருக்கும் விசை 20 டிகிரிக்கு உரியது. உறைநிலைக்கு இறங்கினால் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். பகலில் ஜம்மென்று நின்ற மூடி, மலைமேல் விடியற்காலையில் தலையில் இறங்குவது இதனால்தான்.

தளர்ந்துபோனதை மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் மூடி முறுக்கிக்கொள்ளும். ஸ்பேனரை எடுக்கும் முன் மூடிக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுத்துவிடுங்கள். கழற்றிய பழசை வெட்டவோ, துளைக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. தளர்ந்த பிறகும் உள்ளே அழுத்தம் இருக்கிறது.