அளவுகோல் மொழி மாறும்போது

அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவ்வடக்கத்தை எண்ணால் அளந்து காட்ட முடியுமா என்று கேட்கிறது இக்கால உளவியல். அமெரிக்க உளவியலார் டாங்னி, பௌமைஸ்டர், பூன் ஆகிய மூவரும் 2004-இல் வெளியிட்ட தற்கட்டுப்பாட்டு வினாநிரல் அத்தகையதொரு முயற்சி. அதில் 36 கூற்றுகள். சுருக்க வடிவில் 13. ஒவ்வொரு கூற்றும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை விடையளிப்போர் 1 முதல் 5 வரையுள்ள எண்ணால் குறிக்க வேண்டும். இந்த வினாநிரலைத் துருக்கி மொழியில் அமைப்பதற்கு அகராதி மட்டும் போதாது. ஏன் என்பதைக் காண்போம்.

முதற்சிக்கல் சொல்லிலேயே எழுகிறது. துருக்கியில் 'நெஃபிஸ்' என்றொரு சொல் உண்டு. அரபியிலிருந்து வந்த அது, அடக்கப்பட வேண்டிய ஆசைகளைக் குறிக்கும். சமய மணம் கமழ்வது. அதை வினாவில் இட்டால், விடையளிப்பவர் தம் பழக்கத்தை எண்ணிப் பார்ப்பாரா, பக்தியையா? ஆகவே 'தன் கண்காணிப்பு' எனப் பொருள்படும் 'ஓஸ் தெனெதிம்' போன்ற சொற்களை உளவியலார் மேற்கொண்டனர்.

அடுத்தது எதிர்மறை. தமிழைப் போலவே துருக்கியிலும் எதிர்மறை வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். 'துத்தபிலியோரும்' என்றால் 'அடக்க முடிகிறது'. 'துத்தமியோரும்' என்றால் 'அடக்க முடியவில்லை'. விரைந்து படிக்கும் கண்ணுக்கு அந்தச் சிறு வேறுபாடு தப்பினால் மதிப்பெண் தலைகீழாகிவிடும்.

இதனால்தான் இருமொழி வல்லார் பெயர்த்ததை, மூலத்தைப் பாராத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குகிறார். இரு ஆங்கில வடிவங்களும் முரண்படும் இடத்தில் பிழை வெளிப்படும். 1970-இல் பிரிஸ்லின் என்னும் அறிஞர் விளக்கிய முறை இது. பின்னர் பலரிடம் வினாநிரலைக் கொடுத்துச் சோதிப்பர். சில வாரங்கள் கழித்து அளந்தாலும் ஏறத்தாழ அதே எண் கிடைப்பது நம்பகம். அளக்க வந்ததையே அளப்பது ஏற்புடைமை.

2012-இல் வெளியான துருக்கிச் சுருக்க வடிவம் ஒன்றில் 13 கூற்றுகளுள் 9 மட்டுமே நிலைத்தன. அவையும் உந்துதலுக்கு ஆட்படுதல், தன்னொழுங்கு என இரண்டாகப் பிரிந்தன. நான்கு கூற்றுகளை நீக்கியது தோல்வியன்று, நேர்மை.

இத்தனை பாடு எதற்கு? பிழையான வினா ஓர் இளைஞனைக் கட்டுப்பாடற்றவன் என முத்திரை குத்திவிடும். குறை அவனிடம் இராது, வாக்கியத்தில் இருக்கும். துணியை அளக்குமுன் கோலைச் சரிபார்க்கிறோம். மனத்தை அளக்குமுன் அதைவிடக் கூடுதலாகவே சரிபார்க்க வேண்டாமா?