மௌனத்தில் எழும் வினா

“நான் யார்?” என்னும் வினா மனித உள்ளத்தில் எழும் வினாக்களுள் மிகப் பழமையானது. சொல்லையே திருப்பணிக் கருவியாகக் கொண்ட நமக்கு அது தனிக் கூர்மையுடன் வருகின்றது. ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் உறுதியோடு பேசுகின்றோம்; சபைக் குழுக்களில் வழக்காடுகின்றோம்; துக்க வீட்டில் ஆறுதல் கூறுகின்றோம். இவர்களுள் மெய்யான நாம் யார்? இடைவிடாது பேசுகிறவன் செவியில் இவ்வினா விழுவதில்லை. மௌனத்திலேயே அது எழுகின்றது. ஆயின், மௌனமே அதற்கு விடையும் ஆகுமா? இதனையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

தமிழகத்துக்கு இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 1902ஆம் ஆண்டில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் ரமணரை அணுகிப் பல வினாக்களை விடுத்தார். ரமணர் பேசாதிருந்த காலம் அது; ஆகவே விடைகளை எழுதியே காட்டினார். அவை பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. ‘நான்’ என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றது என்று நாடிச் சென்றால் அவ்வெண்ணம் அடங்கும். அடங்கிய இடத்தில் மெய்யான ஆன்மா விளங்கும் என்பது அவர் காட்டிய வழி. உடலும் பெயரும் பதவியும் நாம் அல்லோம் என்னும் இவ்வுணர்வைக் கிறிஸ்தவர் எளிதில் தள்ளிவிடலாகாது. போலி முகங்களைக் களைவதில் மௌனத்துக்குள்ள வல்லமையை அது நமக்கு நினைவூட்டுகின்றது.

இதே வினாவையே தலைப்பாகக் கொண்டு 1944ஆம் ஆண்டில் ஒரு கவிதை எழுதப்பட்டது. எழுதியவர் லுத்தரன் போதகரான டீட்ரிக் போன்ஹோஃபர். எழுதிய இடம் பெர்லின் நகரின் டேகல் சிறைச்சாலை. தம்மைச் சூழ்ந்திருப்போர் தம்மை அமைதியும் துணிவும் உள்ளவராகக் காண்கின்றனர். தாமோ தம்முள் கலக்கத்தையும் களைப்பையும் காண்கின்றார். இவ்விருவருள் தாம் யார்? தம்முள்ளே நோக்கி அவர் இதற்கு முடிவு காணவில்லை. தம்மை அறிந்தவர் கடவுளே என்றும், தாம் அவருக்கே உரியவர் என்றும் கூறி வினாவை அவரிடத்தில் விட்டுவிடுகின்றார். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ‘அறிதல்’ என்பது ‘அறியப்படுதல்’ ஆகின்றது. கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில் பவுலும் இவ்வாறே தம் சொல்லைத் திருத்திக்கொள்கின்றார். அவர்கள் கடவுளை அறிந்ததைக் கூறத் தொடங்கியவர், உடனே, அவர்கள் கடவுளால் அறியப்பட்டதே முதன்மை என மாற்றியுரைக்கின்றார்.

போன்ஹோஃபர் இவ்விடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஹிட்லர் ஆட்சியின் பிடிக்குத் திருச்சபை அடிபணியலாகாது என்று நின்ற அறிக்கைத் திருச்சபைக்காக, 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டேயில் இயங்கிய குருத்துவப் பயிற்சி நிலையத்தை அவர் நடத்தினார். அங்கு மாணவர் நாள்தோறும் அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்க வேண்டும். ஒரு வாரம் முழுவதும் ஒரே திருமறைப் பகுதி, விளக்கவுரை கூடாது, பிரசங்கக் குறிப்பும் கூடாது. மாணவருக்கு இது கடினமாகவே இருந்தது. கார்ல் பார்த் கூட, 1936இல் எழுதிய கடிதமொன்றில், இம்முறையில் மடாலய வாடை வீசுகின்றதோ என ஐயுற்றார். அவ்வையம் பொருளற்றதன்று. ஆயினும் போன்ஹோஃபர் கருதிய மௌனம் வெறுமையில் மூழ்குதல் அன்று. வசனத்தின் முன் செவிசாய்த்து நிற்றலே. அரசின் இரகசியக் காவல் படை 1937இல் அந்நிலையத்தை மூடியது. அங்குப் பழகிய மௌனம் சிறைக்கும் உடன் சென்றது.

இனித் திருமறையினுள் ஓரேப் மலைக்குச் செல்வோம். 1 இராஜாக்கள் 19இல் காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்தபின் எலியா கேட்டதைக் குறிக்கும் எபிரேயத் தொடரில் ‘தெமாமா’ என்னும் சொல் உள்ளது. அதன் பொருள் அமைதி என்பதாகும். அந்த அமைதி எலியாவை மாற்றியது என்று நாம் பலமுறை பிரசங்கித்திருக்கின்றோம். பகுதியைக் கூர்ந்து நோக்கின் வேறொன்று புலப்படும். அமைதிக்கு முன்னும் பின்னும் கடவுள் ஒரே வினாவையே கேட்கின்றார். எலியாவும் இருமுறையும் ஒரே விடையையே தருகின்றார். தாம் ஒருவர் மட்டுமே எஞ்சியிருப்பதாக அவர் தம்மைப்பற்றிக் கொண்டிருந்த கருத்தை அமைதி மாற்றவில்லை. அதனை மாற்றியது, அமைதிக்குப் பின் வந்த கடவுளின் வார்த்தை. இஸ்ரவேலில் இன்னும் 7000 பேர் உளர் என்றும், அவர் ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம்பண்ணத் திரும்பிச் செல்ல வேண்டும் என்றும் அவ்வார்த்தை அறிவித்தது. தனித்தவன் என எண்ணியவர், தாம் அனுப்பப்பட்டவர் என அறிந்தார்.

இதனால் நாம் தெளிவது யாது? மௌனம் நம் உள்ளத்திலுள்ளதை வெளிக்கொணர்கின்றது. ஆனால் அவ்வாறு வெளிவருவதெல்லாம் மெய்யான நாம் அல்ல. அங்கே நாம் முதலில் காண்பது மனக்குறையும் அச்சமும் புகழாசையுமாகவே இருக்கலாம். அதுகண்டு மௌனத்தைவிட்டு ஓடுதலும் தவறு. அதையே நம் மெய்யுருவெனக் கொள்ளுதலும் தவறு. வார்த்தை வரும்வரை காத்திருத்தலே நமக்குரியது.

நாளைக் காலை அரைமணி நேரத்தை நாம் ஒதுக்கிவைப்போமாக. அடுத்த ஞாயிற்றுக்குரிய பகுதியை அப்பொழுது திறவாதிருப்போம். மனம் யாரையேனும் நாடி அலையுமாயின், போன்ஹோஃபர் அறிவுறுத்தியவாறு, அவரையே மன்றாட்டில் ஏந்துவோம். எதுவும் நிகழவில்லை என்று தோன்றினும் மறுநாளும் அங்கேயே அமர்வோம். சபையார் நம்மைப் புகழும் நாளிலும் பழிக்கும் நாளிலும் நாம் யார் என்பதை அவர்களிடமோ நம்மிடமோ கேட்டு இளைக்காமல், நம்மை அறிந்தவரிடம் கேட்கப் பழகுவோம். அவ்வாறு கேட்டு எழுகிறவன் பேசும் சொல் சிலவாயினும் சபைக்கு உணவாகும்.