மைக் செட்டும் ரெண்டு தட்டும்

நெட்டுக்குப்பத்தில் "இங்கே டி.ஜே. யாருங்க?" என்று கேட்டால், இளவட்டங்கள் லேப்டாப் வைத்திருக்கும் யாரோ ஒரு தம்பியைக் கைகாட்டலாம். பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மைக் செட்காரர்தான். நான் பெரியவர்கள் கட்சி.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்து ஊர் இது. சுற்றிலும் அனல்மின் நிலையம், துறைமுகம், உர ஆலை. அந்த இரைச்சலுக்கு மேலே ஏறிக் கேட்க வேண்டுமென்றால் மைக் செட் வலுவாக இருக்க வேண்டும். சவுக்குக் கட்டையில் ஹார்ன், மேசையில் அஹுஜா ஆம்ப்ளிஃபயர், தரையில் பெரிய பாக்ஸ். காலையில் அம்மன் பாட்டு, பந்தி நடக்கும்போது பழைய பாட்டு, இருட்டியதும் குத்து. எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து வரும், எதற்கு உட்கார்ந்துவிடும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் நல்ல மைக் செட்காரர். டி.ஜே. வேலை என்பது அதுதானே?

ஹிப்ஹாப்பும் மைக் செட்டில் பிறந்த பிள்ளைதான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணிக்குக் காசு சேர்க்க வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டு போட்டது அண்ணன் கிளைவ். 'கூல் ஹெர்க்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்தக் குடும்பம் ஜமைக்காவிலிருந்து வந்தது. தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டு போடும் பழக்கம் அந்தத் தீவில் ஏற்கெனவே உண்டு.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டு முழுக்கச் சும்மா நிற்பவர்கள்கூட, பாடகர் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கும் இடம் வந்ததும் பாய்ந்து ஆடுகிறார்கள். அந்த இடமோ சில நொடிதான். ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கினார். ஒன்றில் அந்த அடி முடியும்போது இன்னொன்றில் அதே அடியைத் தொடங்கினார். இதைச் சுழற்றி அதை, அதைச் சுழற்றி இதை. சில நொடி பல நிமிடமானது. எலெக்ட்ரானிக்ஸ் படித்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதை இன்னும் கூராக்கினார்: அடி தொடங்கும் இடத்தைத் தட்டின்மேல் கிரேயானால் குறித்துவைத்து, ஒரு தாளம்கூடப் பிசகாமல் பின்னுக்குச் சுழற்றினார். சட்டிமேளமும் கட்டமோளமும் தனியாக விழும் இடத்துக்குக் காத்திருக்கும் நம்மூர்ப் பையன்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

ஹெர்க் சுழற்றிய தட்டுகளில் முக்கியமானவை பாடகர் ஜேம்ஸ் பிரவுனுடையவை. பிரவுன் வந்த வழி சோல் இசை. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு தெருவுக்கு வந்தபோது பிறந்தது அது. அரீத்தா ஃபிராங்க்ளின் பாடத் தொடங்கியதே டெட்ராய்ட்டில் அப்பா போதகராக இருந்த சபையில். ரே சார்லஸ் ஜெபப் பாட்டின் மெட்டில் காதலைப் பாடியதும் பக்திமான்கள் முகம் சுளித்தார்கள். வடசென்னையின் கானா வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. சாவு வீட்டில் விடிய விடியப் பாடியது, மேடைக்கும் சினிமாவுக்கும் வந்தபோது சுளித்த முகங்கள் இங்கேயும் உண்டு. சோல் பாட்டை முதன்முறை கேட்கும் வடசென்னைக்காரருக்கு அது அந்நியமாகப் படாததற்கு இதுதான் காரணம் என்பேன். பாஷை புரியாவிட்டாலும் அழுகை புரியும்.

ஹிப்ஹாப் நம்மிடம் வந்து சேர்ந்த பாதை சுற்றுப்பாதைதான். 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்ட ராப்'. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்'. இதற்கிடையே நம் சரக்கு அங்கே போய்க்கொண்டிருந்தது. 2003-இல் பிளாக் ஐட் பீஸ் குழு தன் ஆல்பத்தில் இளையராஜாவின் பாட்டை வெட்டி ஒட்டியது. ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. சென்னைக்கே வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்து 2007-இல் 'கலா' ஆல்பத்தில் சேர்த்தார்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்து மேடையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு ஏறியபோது சுற்று முடிந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சி, தென்மாவின் இசை. பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாரும், கானாவும் ராப்பும் ஒரே மேடையில். அதில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவில் அவர் பிடித்த இடத்துக்காக 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் பெயர் வந்தது.

இப்போது மைக் செட்காரர் கையிலும் பென் டிரைவ், பையன் கையிலும் பென் டிரைவ். சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் சில நொடி தனியாக அடித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். நூற்றுக்கணக்கான ஹிப்ஹாப் பாட்டுகள் அந்த அடியின் மேல்தான் நிற்கின்றன. உரிமைத் தொகை என்று உருப்படியாக எதுவும் கிடைக்காமலேயே 2017-இல் அவர் இறந்தார். கானாவின் எத்தனை மெட்டு சினிமாவுக்குப் போனது, யாருக்குப் பேர், யாருக்குக் காசு என்று வடசென்னையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேசி முடிக்க ஒரு ராத்திரி பத்தாது.